விலாவில் நின்ற தண்ணீர்

என் மனைவி என்னைக் கட்டிக்கொண்டது சம்பளத்தைப் பார்த்து இல்லை, முகவெட்டைப் பார்த்தும் இல்லை. இரண்டுமே அப்போது சுமார் ரகம். பெண் பார்க்கப் போன அன்று பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஏதோ சொல்லிவைக்க, உள்ளே அடுப்படியில் ஒருத்தி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பில்லை அது. ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியாமல், நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து சிரிக்கிற சிரிப்பு. என் அண்ணி காதோரம் குனிந்து, "இந்தப் புள்ள வேண்டாமுங்க, சத்தம் சாஸ்தி" என்றார். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் சம்மதம் சொன்னேன். அவள் எதற்காகச் சொன்னாள் என்று கேட்டதற்கு, "பொழுதுபோகுமுன்னுதானுங்க" என்றாள்.

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டர். அதே கம்பெனியின் மாடியில், செக்கிங் மேசையில் அவள். நான் கீழே வெட்டி அனுப்புவது தைத்து முடிந்து அவளிடம் போகும். சின்னக் கத்தரியால் தொங்குகிற நூல் பிசிறுகளை வெட்டி, ஓட்டையும் கறையும் பார்த்து, ஒதுக்க வேண்டியதை ஒதுக்குவாள். சாப்பாட்டு நேரத்தில் புகார் வரும்.

"நீங்க வெட்டுனதுல இன்னிக்குக் கழுத்துக் கோணலுங்க."

"போடறவன் கழுத்தும் கோணலா இருந்தாச் சரியாப் போயிரும் புள்ள."

டிபன் டப்பாவை அவசரமாக மூடிவைத்துவிட்டுச் சிரிப்பாள். நாங்கள் குடியிருந்தது வரிசை வீடு. அங்கே அவள் சிரித்தால் கடைசி வீட்டு அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "என்னுங்க மாஸ்டர், எங்களுக்கும் சொல்றது" என்று நிற்பார். எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் சத்தம் போட வேறு ஆளில்லாததால் அதையும் அவளே பார்த்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள். கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த காலம். கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்து, எல்லோரும் ஒன்றரை ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தச் சமயத்தில்தான் அவள் சிரிப்பதை நிறுத்தினாள்.

என்னிடம் ஒரு கைவசச் சரக்கு உண்டு. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வருகிற பையர் பனியனை மேசையில் விரித்து, டேப் வைத்து, மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்க்கிற மாதிரி நடித்துக் காட்டுவேன். அவள் எத்தனையோ தடவை பார்த்தது, பார்க்கிறபோதெல்லாம் சிரித்தது. அன்றைக்கு நான் கண்ணாடியை இறக்கும்போதே இடது விலாவில் கையை வைத்துக்கொண்டு, "போதுமுங்க" என்றாள். சரக்குப் பழசாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். கலைஞன் அப்படித்தானே எடுத்துக்கொள்வான். புதுசாக நாலைந்து தயார் செய்தேன். கேண்டீன்காரர் டீயில் தண்ணீர் ஊற்றுகிற அழகு, மேனேஜர் ஃபோனில் இங்கிலீஷ் பேசிவிட்டு வியர்வை துடைக்கிற அழகு. ஒன்றும் போணியாகவில்லை. "சித்த சும்மா இருங்க" என்று எழுந்து போய்விடுவாள். படுத்தாலும் என் பக்கம் முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து இடது பக்கமாகவே படுத்தாள்.

கோபம் என்றே முடிவுகட்டினேன். என்ன தப்புச் செய்தேன் என்று நானே யோசித்து, நிறையக் கிடைத்ததால், பொதுவாக எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பூ வாங்கிப் போனேன். வைத்துக்கொண்டாள். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

இருமல் இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் இருமலைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? கம்பெனியில் பஞ்சு பறக்காத இடம் கிடையாது. யார் இருமினாலும் பஞ்சு போயிருச்சு என்போம். அதற்கு வைத்தியமும் எல்லோருக்கும் தெரியும். ஒரு கட்டி வெல்லம், ஒரு வாழைப்பழம். வயிற்றுக்குப் போகிற வழியில் பஞ்சையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று கணக்கு. மூச்சுக்கு ஒரு வழி, சோற்றுக்கு ஒரு வழி என்பதெல்லாம் யார் யோசித்தது? நானும் பையில் வெல்லம் கொண்டுபோய், சாயங்கால டீயோடு அவளுக்குக் கொடுத்தேன். பொழுது சாயக் காய்ச்சல் வந்தால் அலுப்புக் காய்ச்சல். ஜாக்கெட் தொளதொளவென்று ஆனபோது அவளே மிஷினில் பிடித்துத் தைத்துக்கொண்டாள். "எக்ஸ்எல்லுல இருந்து மீடியத்துக்கு வந்துட்ட புள்ள, துணி மிச்சம்" என்று அதற்கும் ஒன்று சொன்னேன். உதட்டை மட்டும் அசைத்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றபோது, "ஷிப்மெண்ட் போவட்டுமுங்க" என்றாள். கம்பெனியில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் சொல்கிற பதில் அதுதான். காது குத்துக்கும் கருமாதிக்கும் அதே பதில். ஷிப்மெண்ட் போன மறுநாள் காலை, செக்கிங்குக்கு ஏறுகிற மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். கீழே கட்டிங் மேசையிலிருந்து எனக்கு அவள் செருப்பு மட்டும் தெரிந்தது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அரசு ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோய் பார்க்கிற டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். தெற்கத்திப் பேச்சு. என் மனைவியின் முதுகில் விரலை வைத்து, அதன் மேல் இன்னொரு விரலால் தட்டித் தட்டிக் கீழே வந்தார். வலது பக்கம் டப் டப் என்று கேட்டது. இடது பக்கம் பாதிக்கு மேல் அரிசி மூட்டையைத் தட்டுகிற சத்தம். எக்ஸ்ரே எடுத்து வந்து வெளிச்சத்தில் காட்டினார். இடது பக்கத்தில் பாதி வெள்ளையாக இருந்தது.

"நுரையீரலச் சுத்தித் தண்ணி கோத்திருக்கு" என்றார்.

எனக்கு ஒரு கோளாறு உண்டு. பயம் வந்தால் மற்றவர்களுக்கு வாய் அடைக்கும், எனக்குத் திறந்துகொள்ளும். என் வாய் தெளிவாக, "எங்க வீதில குழாய்த் தண்ணியே வாரத்துக்கொருக்காத்தானுங்க வருது, அங்க எப்படிங்க போச்சு?" என்று கேட்டது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் இடது விலாவை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு குனிந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. டாக்டர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"சிரிச்சாக் குத்துதாம்மா?"

"ஆமாங்க."

"எத்தன நாளா?"

அவள் ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்து, "ரெண்டு மாசத்துக்கு மேலிருக்குமுங்க" என்றாள்.

நுரையீரலுக்கு மேல் ஒரு மெல்லிய உறை, விலாவுக்கு உள்பக்கம் ஒரு உறை, இரண்டும் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும், புண்ணானால் உரசும் என்றார் டாக்டர். இருமினால் வலிக்கும், சிரித்தால் இன்னும் வலிக்கும். வலிக்கிற பக்கத்தைக் கீழே கொடுத்துப் படுத்தால் அந்தப் பக்கம் அசைவது குறையும், கொஞ்சம் சுகமாக இருக்கும். அவர் சொல்லச் சொல்ல, அவள் சுவர்ப் பக்கம் படுத்த ராத்திரிகளெல்லாம் ஒவ்வொன்றாக எனக்குப் புரிந்தன. அவள் வலியில் கிடந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து புதுப்புது ஜோக்காகச் சொல்லி, உரசுகிற இடத்தை உரசிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அன்றைக்கே ஊசி போட்டுத் தண்ணீரை எடுத்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள். அவளை நாற்காலியில் திருப்பி உட்காரவைத்து, முதுகுப் பக்கம் விலாக்களுக்கு நடுவில் ஊசி. நீளமான ஊசி. நான் தைரியம் சொல்வதற்காக உள்ளே நின்றேன். ஊசி உள்ளே போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பிறகு கண் திறந்தபோது ஆஸ்பத்திரியின் கூரை தெரிந்தது. ஸ்ட்ரெச்சரில் நான் கிடந்தேன். முதுகில் பிளாஸ்திரியோடு நோயாளி எனக்கு எக்ஸ்ரே கவரால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க, வெசனப்படாதீங்க" என்றாள்.

சிஸ்டர் எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார். பாட்டிலை வைத்துவிட்டு, "அம்மணி, வூட்டுல இவரை யாரு பாத்துக்குவாங்க?" என்று அவளிடம் கேட்டார். சிரிப்பை அடக்க அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஊசியில் வந்தது கொஞ்சந்தான். வந்து, நின்றுவிட்டது. அதைப் பரிசோதனைக்கு அனுப்பி, காசநோய்தான் என்று சொல்லி மாத்திரையை ஆரம்பித்தார்கள். ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். சளியில் கிருமி இல்லை, பயப்படாதீர்கள், ஒரே வீட்டில் இருக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடுவது உங்கள் பிரியம் என்றார் டாக்டர். கடைசி வீட்டு அக்காவிடம் மட்டும் பஞ்சு என்றே சொல்லிவைத்தோம். அவரும் வெல்லம் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டோம்.

முதல் மாத்திரை போட்ட அன்றே அவளுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. ரத்தம் என்று நினைத்து, சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு மொபெட்டை ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். அதே சிஸ்டர்தான் இருந்தார். "மாத்திரையோட நெறமுங்க அது. முந்தியே சொன்னமுங்களே. நீங்க அப்பவும் படுத்துட்டிருந்தீங்களா?" என்றார். திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்குள் ஒரு ஜோக் தயாராகிக்கொண்டே வந்தது. ஆற்றில் சாயத்தண்ணீர் விடுவதால் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொல்லி ஊரே அல்லோலகல்லோலப்படுகிற நேரத்தில் வீட்டுக்குள் ஒன்று திறந்திருக்கிறோம் என்று. வாசலில் வண்டியை நிறுத்தியபோது அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள். "மாத்திர நெறமாம்" என்று மட்டும் சொன்னேன். மீதியை விழுங்கினேன்.

மாத்திரைக்குக் காய்ச்சல் இறங்கியது. மூச்சுத்திணறல் இறங்கவில்லை. உள்ளே தண்ணீர் எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும், ஸ்கேன் எடுத்து வாருங்கள், எங்கே குத்தினால் வரும் என்று அவர்களே குறி போட்டுக் கொடுப்பார்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே ஸ்கேன் மிஷின் பிரசவப் பகுதியில் காலையிலிருந்து கர்ப்பிணிகளுக்கு ஓடிக்கொண்டிருந்ததால் வெளியே போனோம்.

ஸ்கேன் சென்டர் டாக்டர் அவளை உட்காரவைத்து, இடது கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொள்ளச் சொல்லி, முதுகில் பசையைத் தடவி மிஷினின் கைப்பிடியை வைத்தார். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதேதோ அசைந்தது. கறுப்பாக ஒரு இடம் வந்ததும் நிறுத்தினார். தண்ணீர் கறுப்பாகத் தெரியும் என்றார். அந்தக் கறுப்பு முழுக்க வெள்ளை வெள்ளையாக நூல்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. அவள் மூச்சு விடும்போது மெதுவாக அலைந்தன.

"தண்ணி வலை கட்டியிருக்கு. சின்னச் சின்ன அறையாப் பிரிஞ்சிருக்கு. அன்னைக்கு ஊசி சின்ன அறைக்குள்ள போயிருக்கும், அதான் கொஞ்சமா வந்து நின்னிருச்சு. பெரிய அறை இங்க இருக்கு" என்று ஒரு பேனாவால் அவள் முதுகில் பெருக்கல் குறி போட்டார்.

அவள் கழுத்தைத் திருப்பித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பிசிறாட்ட இருக்குதுங்க. வெட்டி உட்டற முடியாதுங்களா?" என்று கேட்டாள்.

"அது உங்க டாக்டர் பாத்துக்குவாங்கம்மா."

டவுன் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். சித்திரை வெயில். பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் தூணுக்குப் பின்னால் அவளை உட்காரவைத்து, ஜாக்கெட்டின் விளிம்பை விலக்கிக் குறியைப் பார்த்தேன். வியர்வையில் கரைந்து நீலமாக ஒழுகியிருந்தது. பெருக்கல் குறி கூட்டல் குறியாகவும் தெரிந்தது, இல்லாத மாதிரியும் தெரிந்தது. குறி அழிந்தால் மறுபடி ஸ்கேன், மறுபடி பஸ், அதற்குள் தண்ணீர் வேறு அறைக்குக் குடிபோய்விட்டால்? சட்டைப் பையில் துணிக்கட்டுகளில் நம்பர் போடுகிற மார்க்கர் இருந்தது. துவைத்தாலும் போகாத மை. வருடக்கணக்காகக் குறி போட்டுத்தான் சோறு தின்கிறேன். தைரியமாக, கெட்டியாக ஒரு பெருக்கல் போட்டேன்.

"என்னங்க பண்றீங்க முதுகுல?"

"ஒண்ணுமில்ல புள்ள, லேசாக் கலைஞ்சிருச்சு. சரி பண்ணிட்டேன்."

டாக்டர் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினார். "இத யாரு போட்டது?"

"நான்தானுங்க. கட்டிங் மாஸ்டருங்க" என்றேன், அது ஒரு படிப்பு மாதிரி.

"கை கீழ இருந்துச்சா, மேல இருந்துச்சா, நீங்க போடும்போது?"

"கீழதானுங்க."

"ஸ்கேன்ல கையைத் தூக்கி வச்சிருப்பாங்க. கையை இறக்குனா தோலு வழுக்கிக் கீழ வரும்யா, மையும் கீழ ஒழுகியிருக்கு. விலா அங்கேயேதான் இருக்கும். இப்ப நீங்க போட்ட இடத்துல குத்தியிருந்தா மண்ணீரலுக்குப் போயிருக்கும்."

பின்னல் துணியை இழுத்த இழுப்பில் வெட்டக் கூடாது. விரித்துப் போட்டு, அது இழுவை விட்டுச் சுருங்கி அடங்கின பிறகுதான் குறி போட வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அது. தோலும் இழுத்தால் நகருகிற துணி என்று என் கைக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. மண்ணீரல் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் என் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் திட்டவில்லை. "குறியே வேண்டாம். பார்த்துக்கிட்டே குத்திருவோம், வாங்க" என்று எங்களைப் பிரசவப் பகுதிக்குக் கூட்டிப்போனார்.

கர்ப்பிணிகள் முடிகிற வரைக்கும் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த பெண் அவளைப் பார்த்துச் சிரித்து, "எத்தன மாசமுங்கக்கா?" என்றாள். "வவுத்துல இல்லீங்க கண்ணு. நெஞ்சுல தண்ணி" என்றாள் இவள். அந்தப் பெண் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். அந்த பெஞ்சில் நாங்கள் முன்பு ஒரு முறை உட்கார்ந்திருக்கிறோம், குழந்தை விஷயமாக.

உள்ளே போவதற்கு முன்னால் டாக்டர் எங்கள் இருவரிடமும் விவரமாகச் சொன்னார். வலை தளர்வாக இருக்கும்போதே தண்ணீரை எடுத்துவிட்டால், மாத்திரையும் ஒழுங்காகச் சாப்பிட்டால், அமுங்கிக் கிடக்கிற நுரையீரல் விரிந்துகொள்ளும். விட்டால் அந்த வலையெல்லாம் தடித்துத் தோல் மாதிரி மூடிவிடும். பிறகு உள்ளே இருப்பது விரியாது. ஏற்கெனவே தாமதம். முயற்சி செய்து பார்ப்போம்.

"விரிஞ்சிருச்சுன்னா முன்ன மாதிரி சிரிக்கலாமுங்களா?" என்று அவள் கேட்டாள்.

டாக்டர் பேனாவை மூடினார். "எல்லாரும் வேலைக்குப் போலாமான்னுதாம்மா கேப்பாங்க" என்றார். அதைப் பையில் செருகிக்கொண்டு, "சிரிக்கலாம்" என்றார்.

அவளை முக்காலியில் உட்காரவைத்து, முன்னால் ஒரு மேசையில் தலையணை போட்டு, கைகளை அதன்மேல் வைத்துச் சாயச் சொன்னார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும் என் வேலை.

"ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றார் டாக்டர் என்னிடம். "ஊசி உள்ள இருக்கும்போது அவங்க இருமவும் கூடாது, சிரிக்கவும் கூடாது."

வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். டாக்டர் ஒரு கையில் ஸ்கேன் கைப்பிடி, மறு கையில் ஊசி, கண் திரையில். கறுப்புக்குள் ஒரு சின்ன வெள்ளைக் கீற்று நுழைவது எனக்கும் தெரிந்தது. "உள்ள வந்துட்டோம்" என்றார். ஊசியைச் சுற்றியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே தள்ளி, ஊசியை உருவத் தொடங்கினார். அந்த நேரத்தில் கரண்ட் போயிற்று.

திரை அணைந்தது. ஃபேன் நின்றது. ஜன்னல் வழியாக மத்தியான வெளிச்சம் வந்துகொண்டிருந்தது, ஆனாலும் எனக்கு இருட்டிவிட்டது. "யாரும் அசையாதீங்க" என்றார் டாக்டர். என் வாய்க்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஜோக்குகள் வரிசையில் வந்து நின்றன. பல்லைக் கடித்தேன். மூச்சைப் பிடித்தேன். கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு நின்றது. அவள் தலையை லேசாகத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். அவள் விரல்கள் என் கைக்குள் நடுங்க ஆரம்பித்தன. எனக்குத் தெரிந்த நடுக்கம் அது, சிரிப்பு வருகிற நடுக்கம்.

"மூஞ்சிய அப்படி வெக்காதீங்க" என்று தலையணைக்குள் முனகினாள்.

"நான் ஒண்ணுமே பேசலீங்களே" என்றேன் டாக்டரிடம்.

"நீங்க பேசவே வேண்டாம்யா. திரும்பிச் சுவரைப் பார்த்து நில்லுங்க."

கையை மட்டும் பின்னால் அவளிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றேன். சுவரில் தாய்ப்பால் பற்றிய படம் ஒன்று. அதையே பார்த்தேன். பின்னால் உலோகக் கிண்ணத்தில் ஏதோ வைக்கிற சத்தம், பாட்டிலில் சொட்டுச் சொட்டாக விழுந்து பிறகு ஒழுக்காக விழுகிற சத்தம். ஜெனரேட்டர் கிளம்பித் திரை வந்தபோது டாக்டர், "போதும், திரும்பலாம்" என்றார்.

பாட்டிலில் இருந்தது பளிச்சென்ற மஞ்சள். எங்கள் கம்பெனியின் நிற அட்டையான ஷேட் கார்டில் அந்த மஞ்சளுக்கு ஒரு நம்பரே உண்டு. அதற்குள் மெல்லிய பிசிறுகள் மிதந்தன. அவள் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எனக்குள்ளயா இருந்துச்சு" என்றாள். அன்றைக்குப் பல மாதங்களுக்குப் பிறகு மல்லாந்து படுத்துத் தூங்கினாள். நான் தூங்கவில்லை. அவள் வாய் திறந்து தூங்குவதைப் பார்த்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக, ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகும் இரண்டு முறை அதே அறையில், அதே மேசையில், பார்த்துப் பார்த்து வேறு வேறு அறைகளில் இருந்த தண்ணீரை எடுத்தார் டாக்டர். நான் சொல்லாமலே சுவரைப் பார்த்து நிற்கப் பழகிவிட்டேன். மாத்திரை ஒரு நாள்கூடத் தவறவில்லை. அவள் கன்னம் கொஞ்சம் தேறியது. பிடித்துத் தைத்த ஜாக்கெட்டைப் பிரித்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரு தேதிக்காகக் காத்திருந்தோம், கடைசி ஸ்கேனுக்காக. அது முடிந்ததும் சொல்ல வேண்டியவை என்று என்னிடம் ஒரு மூட்டை சேர்ந்திருந்தது. ஆஸ்பத்திரியிலேயே ஏகப்பட்ட சரக்குக் கிடைத்திருந்தது.

கடைசி ஸ்கேனில் டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். கைப்பிடியை மேலே கொண்டுபோனார், கீழே கொண்டுவந்தார். "மூச்சை நல்லா இழும்மா" என்றார். "இன்னும் கொஞ்சம்" என்றார். திரையில் கறுப்பு எங்குமே இல்லை. நான் சந்தோஷப்பட்டேன். தண்ணீர் கறுப்பு என்பதுதானே நான் படித்த படிப்பு.

"தண்ணி இல்ல" என்றார் டாக்டர். "நோயும் அடங்கிருச்சு." கைப்பிடியை ஒரு இடத்தில் நிறுத்தித் திரையில் விரலை வைத்தார். வெள்ளையாக, தடிப்பாக ஒரு பட்டை. "ஆனா இது படிஞ்சிருச்சு. கீழ் பாகத்தைப் புடிச்சு வச்சிருக்கு. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற இந்தக் கோடு மூச்சுக்கு ஏறி இறங்கணும்." நாங்கள் மூன்று பேரும் அந்தக் கோட்டைப் பார்த்தோம். அவள் இழுக்க முடிந்த அளவு இழுத்தாள். கோடு நின்ற இடத்தில் நின்றது.

ஆபரேஷன் செய்து உரித்தெடுக்கலாம், கோயம்புத்தூருக்கு எழுதிக் கொடுக்கிறேன், பெரிய ஆபரேஷன்தான், கட்டாயம் இல்லை, இப்படியே இருந்தாலும் உயிருக்கு ஒன்றும் இல்லை, ஓட்டமும் பளு தூக்குவதும்தான் ஆகாது என்றார். அவள் ஜாக்கெட்டின் கொக்கிகளை மாட்டிக்கொண்டே, "வேண்டாமுங்க. இதுவே போதுமுங்க" என்றாள். சிரிப்பைப் பற்றி அவள் கேட்கவில்லை. டாக்டர் அவள் தோளில் கை வைத்தார்.

கம்பெனிக்கு அவள் திரும்பப் போகவில்லை. நாள் முழுக்க நின்று பார்க்கிற வேலை, மாடிப்படி வேறு. வீட்டில் உட்கார்ந்து பித்தான் கட்டத் துணிகளை எடுத்துவந்து கொடுத்தேன். நான் சேர்த்துவைத்திருந்த மூட்டையை அவிழ்க்கவில்லை. கம்பெனியில் மற்றவர்களிடம் வழக்கம்போல் வாயாடினேன், வீட்டுக்குள் நுழையும்போது செருப்போடு சேர்த்து வெளியே விட்டுவிட்டேன். சாப்பிட்டேன், பேப்பர் பார்த்தேன், படுத்தேன். கடைசி வீட்டு அக்காகூட, "மாஸ்டருக்கு என்னாச்சுங்க" என்று கேட்டாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பித்தான் டப்பாவை ஒதுக்கிவைத்துவிட்டு அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, எனக்கு வந்த சீக்கு உங்க வாய்க்கு வந்துருச்சா?"

"சிரிச்சா உனக்கு வலிக்குமில்ல புள்ள."

"வலி போயிருச்சுங்க. மூச்சுத்தான் பத்தறதில்ல. அதுக்கு ஊட்ட எழவு ஊடாட்ட வெச்சிருக்கணுமுங்களா? எதையாச்சும் சொல்லுங்க."

சுவரைப் பார்த்து நின்ற கதையைச் சொன்னேன். அவள் முதுகுக்குப் பின்னால் நடந்தது அவளுக்குத் தெரியும், என் மூக்குக்கு முன்னால் இருந்த தாய்ப்பால் படம் தெரியாது. அதை நான் எவ்வளவு பயபக்தியோடு படித்தேன், பிள்ளைக்கு எத்தனை மாதம் வரை கொடுக்க வேண்டும் என்று எப்படி மனப்பாடம் செய்தேன் என்று சொல்லும்போது அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பழைய சிரிப்புத்தான், அதே ஆரம்பம். இரண்டு எட்டு வந்தது. பிறகு காற்று தீர்ந்துவிட்டது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. ஒரு கையால் என் வாயைப் பொத்தினாள். மறு கை தரையில் ஊன்றியிருந்தது. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. நானும் அசையாமல் அவள் உள்ளங்கைக்குப் பின்னால் இருந்தேன். பித்தானின் வாசம் அடித்தது.

வெகுநேரம் கழித்துக் கையை எடுத்தாள்.

"ம். மீதியச் சொல்லுங்க."

இன்றைக்கும் அப்படித்தான். பாதியில் பொத்துவாள், மூச்சு வந்ததும் கையை எடுத்து மீதியைக் கேட்பாள். பல நேரம் எனக்கு மீதி மறந்துபோயிருக்கும். "எதுல விட்டேன் புள்ள?" என்று கேட்டால், "உங்களுக்கு வயசாயிருச்சுங்க" என்பாள். வயதெல்லாம் இல்லை. அவள் கை என் வாயில் இருக்கிற நேரம் முழுக்க நான் அவளுடைய இடது விலாவையே பார்த்துக்கொண்டிருப்பேன், சேலைக்கு அடியில் அது கொஞ்சமாவது எழும்புகிறதா என்று. வலது பக்கம் மட்டும் எழும்பும்.